வடிப்பு ஜாதகம்

அவர் குடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்தாலும் அதன்மேல் புதுத் தண்ணீர் ஊற்ற விடமாட்டார். வேலைக்குப் போன முதல் நாள் எனக்கு அது தெரியாது. அரைக் குடம் கிடக்கிறதே என்று குழாயில் பிடித்து வந்ததை ஊற்றி நிரப்பி வைத்தேன். எழுந்து வந்து குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், சௌசௌ கொடியின் அடியில் முழுவதையும் கவிழ்த்துவிட்டு வந்தார்.

“இருக்கறது முழுசாத் தீரட்டும் அம்மிணி. அப்புறம் ஊத்தலாம். பாதியில ஊத்துனா பழசும் கெட்டுது, புதுசும் கெட்டுது.”

கோபமே இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் மறுபடியும் குழாயடிக்குப் போனேன்.

அவரை ஊரில் கம்ப்யூட்டர் ஜோசியர் என்றார்கள். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு மேலே ஏறுகிற சந்தில், டூவீலர் பட்டறைக்குப் பக்கத்து அறை அவருடையது. தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, சரியாக நினைவில்லை. நான் காலையில் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் அவர் அறையைக் கூட்டித் தண்ணீர் பிடித்து வைத்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். எங்கள் ஊர் கிளியூர் தாண்டி, பஸ் போகாத இடம். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். அடிவாரத்தில் பிறந்தவர் என்பதால் சித்திரை மாதத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார்.

தண்ணீரில் மட்டும் இல்லை அந்தக் குணம். ஒரு சோப்பு தேய்ந்து காகிதம்போல ஆகி விரலிடுக்கில் நழுவி ஓடும்வரை இன்னொரு சோப்பின் உறையைப் பிரிக்கமாட்டார். இலையில் ஒரு பருக்கை இருந்தாலும் மறுசோறு கிடையாது. சண்டையும் அப்படித்தான். பட்டறைக்காரருக்கும் அவருக்கும், வண்டிகளைச் சந்தில் நிறுத்துவது பற்றி ஒருநாள் வாய்த்தகராறு வந்தது. மழை பிடித்துக்கொண்டதால் ஆளுக்கொரு பக்கம் உள்ளே போய்விட்டார்கள். மறுநாள் பட்டறைக்காரர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சிரித்தார்.

“வாங்க, டீ குடிக்கலாம்.”

“நேத்து பாதியில நின்னுபோச்சுங்க,” என்றார் இவர்.

“எதுங்க?”

“சண்டைங்க. இது உங்கப்பன் ஊட்டு ரோடான்னு நீங்க கேட்டீங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள மழ வந்துருச்சு.”

பட்டறைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். இவர் பதிலைச் சொன்னார். அவர் அதற்கு ஒன்று சொன்னார். கால்மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று.

“தீந்துருச்சுங்களா?” என்று பட்டறைக்காரர் மூச்சு வாங்கக் கேட்டார்.

“தீந்துருச்சுங்க. இப்ப வாங்க, டீ குடிக்கலாம்.”

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த லேப்டாப் வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேலையில் இருந்த மச்சினன் கொடுத்தது. கம்பெனியில் கழித்துக் கட்டியதாம். கறுப்பாக, ஒரு படி அரிசி கனம் இருக்கும். பிறந்த தேதியும் நேரமும் ஊரும் தட்டினால் கட்டம் போட்டு, பிறப்பில் தொடங்கி திசை திசையாகப் பலனைத் தமிழிலேயே காட்டும். கூடவே ஒரு காகிதமும் வந்தது. பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மச்சினன் தன் கையால் எழுதியது. அதை இவர் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு ஒரு ஆணி தள்ளி மாட்டியிருந்தார். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டும்போதெல்லாம் படித்துப் படித்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பேட்டரி முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். பாதி இருக்கும்போது போட்டால், அந்தப் பாதியையே முழுசு என்று பேட்டரி பழகிக்கொள்ளும். அப்புறம் பாதிதான் உழைக்கும். நிறைந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. ஈரம் படக் கூடாது. பேட்டரியின் உலோக முனைகளை மாதம் ஒருமுறை பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். இத்தனையும் செய்தால் நெடுநாள் வரும். செய்யாவிட்டால் புதுசுக்கு சிங்கப்பூருக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதிய காகிதம் மாதிரி இருக்கும் எனக்கு.

பேட்டரி இல்லாமல் அவர் தொழில் இல்லை. ஏற்காட்டில் காற்று அடித்தால் மரம் கம்பிமேல் விழும். மரம் விழாத நாளில் கம்பி தானாக அறும். அதுபோக எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு, திருவிழா, பெண் பார்க்கிற வீடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே பிளக்குக்கு எங்கே போவது? புதிதில் பேட்டரி ஒன்றரை மணி நேரம் நின்றது. அந்த ஒன்றரை மணியில் ஒரு நிமிடம் வீணாகக் கூடாது என்பதற்காக மூன்று ஏற்பாடு செய்தார். திரையின் வெளிச்சத்தை மிகவும் குறைத்து வைத்தார். நேர் எதிரே உட்கார்ந்த அவருக்கும், பின்னால் விவரம் குறித்த சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த எனக்கும்தான் எழுத்துத் தெரியும். வந்தவர்களுக்கு மூடியின் முதுகுதான். இரண்டாவது, எல்லா விவரமும் கையில் வந்த பிறகுதான் மூடியைத் திறப்பார். மூன்றாவது, அந்த விவரத்தை வாங்குகிற வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் வாய் திறந்து நாலு பேரிடம் பேசாதவள். அவருக்கு அது தெரியும். “நீ கேக்க வேண்டாம் அம்மிணி. பக்கத்துல சும்மா உக்காரு. அவிங்களே சொல்லுவாங்க,” என்றார். அப்படியேதான் நடந்தது. பெண்கள் என்னிடம் பிறந்த நேரம் மட்டுமில்லை, பிறக்காமல் போனதையும் சொன்னார்கள். ஆனால் எங்கள் பக்கம் பிறந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தவர்கள் யார்?

“வாழவந்தி பஸ்சு மொதல் ட்ரிப்பு போச்சு. கண்டக்டர் விசில் ஊதுனாரு. அப்பத்தான் கொழந்த தல தெரிஞ்சுதுங்க,” என்று ஒரு தாய் சொன்னாள். அதை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் பஸ் நிலையத்துக்குப் போய், அந்த வருடம் முதல் ட்ரிப் எத்தனை மணிக்கு, அன்றைக்கு வண்டி தாமதமா என்று விசாரித்துவிட்டு வந்துதான் மிஷினைத் திறந்தார். டைம் கீப்பர் அன்று முழுவதும் யாருடனும் சரியாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

திரையில் இருப்பதைத்தான் படிப்பார். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். ஒருமுறை மகளுக்கு வரன் பார்த்துவந்த அம்மா ஒருத்தி, பலனைக் கேட்டுக் கண் கலங்கி, “நல்லதா ஒரே ஒரு வார்த்த சேத்துச் சொல்லுங்க சாமி, மனசு கேக்க மாட்டேங்குது,” என்று கெஞ்சினாள்.

அவர் திரையை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார்.

“இதுல இல்லீங்களே.”

“நீங்களாச் சொல்லுங்க.”

“நானாச் சொன்னா அது நான் சொன்னதாயிருமுங்க. நீங்க மிஷின் சொல்றதக் கேக்கத்தான வந்தீங்க?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான்.

வடிப்பு என்ற பேரை யார் வைத்தார்களோ தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்ததும் பேட்டரியில் கால்வாசியோ அரைவாசியோ மிச்சம் இருக்கும். தீராமல் சார்ஜ் போட முடியாது. சும்மா திறந்து வைத்துத் தீர்க்கலாம். அவருக்கு மனசு வராது. “எரியறது ஆருக்காச்சும் ஒதவட்டும்,” என்று, அந்த மிச்சம் தீரும்வரை வருகிறவர்களுக்கு இலவசமாகப் படிப்பார். காகிதத்தில் எழுதித் தர மாட்டார், வாயால் சொல்வதோடு சரி. சோறு வடிக்கிற மாதிரி கடைசிச் சொட்டுவரை. எங்கள் ஊர்க்காரர்களும் லைன் வீட்டுக்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். “ஏனுங்க, இன்னைக்கு வடிப்பு உண்டுங்களா?” என்று சந்து முனையிலிருந்தே கேட்பார்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் பேட்டரி பாதியில் நின்றுவிடும். அப்போது மறுபடியும் வடித்தாக வேண்டும். காற்று மாதங்களில் ஒரே நாளில் மூன்று வடிப்புகூட நடந்திருக்கிறது. ஜாதகம் பார்க்க ஆள் தீர்ந்துபோய், ஒருமுறை சேலம் பஸ் ஒன்றுக்குப் பார்த்தார். டிரைவர் அது முதன்முதல் ரோட்டுக்கு வந்த நாளைச் சொன்னார். தாய்வழிச் சொத்து உண்டு, வயிற்றில் கோளாறு வரும் என்று வந்தது.

“டீசல் டேங்க்குங்க,” என்றார் டிரைவர், கவலையாக.

வடிப்பில் ஒரு கஷ்டம் இருந்தது. பேட்டரி முடிகிற நேரத்தில் மிஷின் கீ கீ என்று கூவும். கூவி மூன்று நான்கு நிமிடத்தில் திரை கறுத்துவிடும். யாருடைய பலன் எந்த வயதில் ஓடிக்கொண்டிருந்ததோ அங்கேயே நின்றுவிடும். மறுநாள் சார்ஜ் காசு கொடுத்து வருகிறவர்களுக்கு. வடிப்பில் ஒருவருக்கு ஒரு தடவைதான். பலாப்பழம் விற்கிற அம்மா ஒருத்தி, எழுபது வயது இருக்கும், அவளுடையது இருபத்திரண்டாம் வயதில் நின்றுபோனது.

“அப்ப நாப்பத்தெட்டு வருசமா நான் பேயாட்டமாத் திரியறேன்?” என்று கேட்டு அவளே சிரித்தாள். சந்து முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பிளக்கைக் குத்திவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரரை வடிப்புக்கு வற்புறுத்திக் கூட்டிப்போனது நான்தான். அவர் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஐம்பது அடி ஏறுகிற ஆள். “மரத்து மேல நிக்கறவனுக்கு ஜாதகம் எதுக்கு புள்ள, ஏணி நல்லா இருந்தாப் போதும்,” என்றார். ஐப்பசி மாதம், மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார். நடந்ததெல்லாம் சரியாகவே வந்தது. சின்ன வயதில் தண்ணீரில் கண்டம், தகப்பனோடு பிரிவு, எல்லாம். கேட்டுக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஷின் கூவியது.

“நாப்பத்தெட்டு வயசு முடிய ராகு திசை. அதுக்கு மேல...” என்றார் ஜோசியர். திரை கறுத்தது.

“அதுக்கு மேலங்க?”

“அவ்வளவுதானுங்க. நின்னுபோச்சு.”

எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது நாற்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. வருகிற மாசியில் முடிகிறது. வீட்டுக்கு வரும் வழியில், காசு கொடுத்து மிச்சத்தைக் கேட்கலாம் என்றேன், மறுத்துவிட்டார். பலாப்பழக்காரம்மாவின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். “அவளுக்குத் தாண்டுன வயசு. எனக்குத் தாண்டாத வயசு,” என்றார்.

கார்த்திகையில் எங்கள் கொல்லையில் காப்பி நாற்று நடக் குழி வெட்டியிருந்தோம். நடவில்லை. “நாலு வருசம் கழிச்சுப் பறிக்கறதுக்கு ஆரு இருப்பா?” என்றார். தன் ஸ்வெட்டரைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி அதைப் போட்டுக்கொண்டே வந்து, “ஏண்ணா, இதெல்லாம் நம்பலாமா?” என்று புத்தி சொன்னான். மார்கழி வந்தது. தை பிறந்தால் மிளகுப் பறிப்பு. ஏணியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். தரையில் இருந்தாலாவது மாசி வரைக்கும் நிச்சயம் என்று கணக்கு. பஸ்சில் ஏறமாட்டார், தன்னால் மற்றவர்களும் கவிழக் கூடாது என்று. பிறகு சோறு குறைந்தது. பிறகு கஞ்சியும் வேண்டாம் என்றார். மூன்று நாள் வெறும் காப்பித் தண்ணீர். கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்துவிட்டது. மாசி வருவதற்குள் சொன்ன வாக்கை அவரே முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மூன்றாம் நாள் மதியம் ஜோசியர் அறைக்குப் போய்க் கூட்ட ஆரம்பித்தேன். சொல்ல வேண்டும் என்று வந்தேன், சொல்ல வரவில்லை. இரண்டாவது தடவையும் அதே இடத்தைக் கூட்டியபோது, “என்ன அம்மிணி?” என்றார். அழுகைதான் வந்தது. அவர் தேற்றவில்லை. பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் முனைகளை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயெடுத்தேன்.

“இன்னும் இருக்குதாட்ட இருக்குது. முழுசா அழுதுரு.”

அழுதேன். நின்றது.

“தீந்துருச்சா? இப்பச் சொல்லு.”

சொன்னேன். அவர் கையிலிருந்த பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடம் அந்தக் காகிதத்தில் இருந்த ஒரு வரியையும் அவர் மீறியதில்லை. இருந்தும் பேட்டரி ஒன்றரை மணியிலிருந்து தேய்ந்து தேய்ந்து நாற்பது நிமிடத்துக்கு வந்திருந்தது. காலையில் ஒரு கல்யாண ஜாதகம் பார்த்ததில் பாதி போயிருந்தது. மிச்சம் இருபது நிமிடம். எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. வீட்டுக்காரர் இங்கே வரமாட்டார். நான் போய்ச் சொன்னால் நம்பமாட்டார். மிஷின்தான் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

“வடிச்சு, அப்புறம் முழுசா ஏத்தி, நாளைக்குப் போலாமுங்களா?” என்று நானே கேட்டேன்.

“நாளைக்குக் கரண்ட் இருக்குமா?”

எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் வந்திருந்தது. அவர் பேட்டரியை மிஷினில் மாட்டினார். சுவரில் மாட்டிய காகிதத்தைப் பார்த்தார். பிறகு பாதி இருந்த பேட்டரிக்கு ஒயரைக் குத்தி, சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டு விளக்கைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் ஏறியது. அப்புறம் வழக்கம்போல் கரண்ட் போனது.

“வா, போலாம்,” என்றார்.

மிஷினைக் கம்பளியில் சுற்றி என்னிடம் கொடுத்து, என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு அவர் நனைந்தபடி நடந்தார். குடை எனக்கில்லை, மிஷினுக்கு. பனி மூடி முன்னால் இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை. கிளியூர் தாண்டி மண்பாதையில் இரண்டு இடத்தில் வழுக்கினார்.

எங்கள் வீட்டுக்காரர் சுவரோரம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எதுக்குங்க இவ்வளவு தூரம்? எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே,” என்றார்.

“உங்களுக்கு எதுவும் தெரியாதுங்க. பாதிதான் சொல்லியிருக்குது,” என்றார் ஜோசியர். மூடியைத் திறந்தார். நான் வழக்கம்போல் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மிஷின் விழித்து வரவே நேரம் எடுத்தது. விவரத்தைத் தட்டினார். கட்டம் வந்தது. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சந்திர திசை, செவ்வாய் திசை, ராகு திசை. திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் கூவியது.

எங்கள் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

“அது சும்மா கூவுது. நேரம் இருக்குது,” என்றார் இவர்.

குரு திசைப் பலன் என்று ஒரு தலைப்பு வந்தது. அதற்குக் கீழே ஒரு வரி வந்ததோ என்னவோ, நான் படிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. அவர் குரல் மாறவில்லை.

“நாப்பத்தொம்பது வயசுல இருந்து குரு திசைங்க. பதினாறு வருசம்.”

ஒரு விசையைத் தட்டினார். கறுப்புத் திரையை மேலிருந்து கீழே பார்த்தார்.

“தொழில்ல கீர்த்தி. ஒசரமான எடத்துல வேல. எல்லைத் தகராறு ஒண்ணு வரும், பொறுத்துப் போகணும். அம்பத்தஞ்சுல முட்டி வலி.”

“முட்டி வலிங்களா?” எங்கள் வீட்டுக்காரர் போர்வையை விலக்கினார். “எந்த முட்டிங்க?”

அவர் ஒரு விசையைத் தட்டினார். காத்திருந்தார்.

“எடது.”

“எடதா? எத்தன நாளைக்குங்க?”

“இருக்குமுங்க. போகாது. பேத்தி பொறப்பா. அறுபத்தி மூணுல முன்பல்லு ரெண்டு போகும். அப்புறம் சனி திசை.”

இப்படியே தட்டித் தட்டி, பார்த்துப் பார்த்துப் படித்தார். நல்லதாக ஒரு வார்த்தை கேட்டதற்கு இல்லையென்று அனுப்பிய மனிதர், வலியும் பல்லும் வம்புமாக வருடம் வருடமாக அடுக்கினார். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் அங்கலாய்த்தார். அங்கலாய்க்க அங்கலாய்க்க முகத்தில் ரத்தம் வந்தது. எழுபத்தாறாம் வயதில் கண் பார்வை மங்கும் என்றபோது கையை உயர்த்திவிட்டார்.

“போதுங்க, போதுங்க! அதுக்கு மேல தாங்காது. ஏ புள்ள, கஞ்சி இருந்தா ஊத்து.”

ஜோசியர் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஒன்றைப் பாதியில் நிறுத்தி அவரை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மிஷினை மூடினார்.

இருட்டுவதற்குள் ரோட்டுக்குக் கொண்டுவிட நானும் கூட நடந்தேன். ரோடு வரும்வரை அவர் பேசவில்லை.

“அம்மிணி, நீ எங்க உக்காந்திருந்த?”

“வாசப்படியிலங்க,” என்றேன்.

“செரி,” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேட்டரி பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. வயசாகிப் போனது என்று பட்டறைக்காரர் சொன்னார். “இல்லீங்க. ஒரு தடவ பாதியில ஏத்திப்போட்டேன்,” என்றார் இவர். ஏன் ஏற்றினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை. ஒயரிலேயே ஒரு வருடம் ஓட்டினார். வெளியூர் போக முடியவில்லை, வடிப்பும் நின்றது. பிறகு அறையைக் காலி செய்துகொண்டு அடிவாரத்துக்கே போய்விட்டார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது.

எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தை மாதம் ஏணி ஏறினார். காப்பி நட்டார், பறித்தார். தம்பியிடமிருந்து ஸ்வெட்டரை வாங்கப் போய் அதில் ஒரு எல்லைத் தகராறுகூட வந்தது. இப்போது அவருக்கு எழுபத்தைந்து. வருகிற மாசியில் எழுபத்தாறு, அன்றைக்குப் பலன் நின்ற வயது. போன வாரம் மகன் புது ஸ்வெட்டர் எடுக்க அளவு கேட்டதற்கு, “எனக்கு எதுக்கு? உனக்கு எடுத்துக்கோ,” என்றார். அன்று ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிட்டார்.

இருபத்தேழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று மறுநாள் காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏனுங்க, அன்னைக்கு மிஷின் குரு திசையிலயே நின்னுபோச்சுங்க. கறுப்புத் திரையப் பாத்துத்தான் அவரு படிச்சாரு. நான் பின்னால இருந்து பாத்தேன்.”

அவர் இடது முட்டியைத் தடவிக்கொண்டார்.

“அப்ப இது எப்படி வலிக்குது?”

அம்பத்தஞ்சில் ஆரம்பித்த வலி, இடதுதான். ஐம்பது அடி ஏறி இறங்கினவருக்கு ஏதாவது ஒரு முட்டி வலிக்காமல் இருக்குமா? சொன்னால் கேட்கிற ஆளா?

“மிஷின் நின்னாலும் அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது புள்ள,” என்றார். “எழுபத்தாறுன்னா எழுபத்தாறுதான்.”

அப்போதுதான் எனக்கு அந்த ஜோசியர் கண்முன்னால் வந்தார். கறுப்புத் திரையின் முன்னால் நிதானமாக ஒரு விசையைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற முகம்.

“எழுபத்தாறோட அவரு முடிக்கலீங்க. நீங்கதான போதும் போதும்னீங்க,” என்றேன். “பாதியில நிறுத்தற ஆளா அவரு? ரோடு போற வரைக்கும் மிச்சத்த என்கிட்டச் சொல்லித் தீத்துட்டுத்தான் போனாரு.”

“இத்தன வருசம் நீ சொல்லவே இல்லியே?”

“நீங்க கேக்கலீங்க.”

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. நான் எப்போது தானாகப் பேசியிருக்கிறேன்?

“எது வரைக்கும் சொன்னாரு?”

“தொண்ணூத்தி ரெண்டுங்க.”

சந்தேகமாகப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. மனசுக்குள் ஒரு விசையைத் தட்டிக் காத்திருந்தேன்.

“எழுபத்தேழுல வலது முட்டியும் புடிச்சுக்குமாமுங்க.”

“அடக் கடவுளே, அதுவுமா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மகனைக் கூப்பிட்டு, ஸ்வெட்டர் எடுத்தால் கை முழுசாக இருக்கட்டும் என்றார்.